பிள்ளை மடுவத்துக்கு வந்த போத்தல்கள்

பிரேமினிக்கு நாற்பது வயது நெருங்குகிறது. பிறந்ததிலிருந்தே டவுன் சிண்ட்ரோம். எழுத்து வரவில்லையே தவிர, வட்டவளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் எந்தக் காம்பராவில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் தாய் நாகலெட்சுமியைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

நாகலெட்சுமி மகளை ஹட்டனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கிளினிக்குக்கு வந்திருந்த டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னார்: இவர்களுக்கு மறதி சீக்கிரமே வருவதுண்டு. தடுக்க மருந்து இன்னும் இல்லை. இவர்களுடைய நினைவும் புத்தியும் எப்படி வளர்கின்றன, எப்படித் தேய்கின்றன என்று ஆராய்கிறோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் அதில் இல்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் உங்கள் தோட்டத்துக்கே வருவோம்.

"எம்மகளுக்கு ஒதவுமா டாக்டரம்மா?"

"உதவும்னு சொல்ல மாட்டேன் அம்மா. பின்னால வர்ற பிள்ளைகளுக்கு உதவலாம்."

தன் மகளுக்கு ஆகாத ஒன்றுக்காக ஏன் அலைய வேண்டும்? பஸ்ஸில் வரும்போது நாகலெட்சுமி தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏன் என்று யாருமே கேட்காமல் மகள் அணைந்துபோவதைத் தாங்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

வரிசை வீடுகள் இருந்த லயம் லயமாக ஏறி இறங்கினாள். எந்தெந்த வீட்டில் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.

"மருந்தும் இல்லேங்கிற. பொறகு எதுக்கு? நீ ஒம்மகள ஊருக்குக் காட்டிக்கிட்டுத் திரியிறது போதாதா, எம்புள்ளயையும் காட்டணுமா?" என்றாள் அழகம்மா. வீரம்மா கதவையே திறக்கவில்லை. உள்ளே டீவி சத்தத்தைக் கூட்டினாள். காளியாயிதான் உட்காரச் சொன்னாள். வெளியாள் வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்று அவள் மகன் பிரதாப்பைப் பழக்கி வைத்திருந்தார்கள். மீசை முளைத்த பிறகும் அவன் அப்படித்தான் போனான்.

"மருந்து குடுப்பாங்களாக்கா?"

இல்லை என்று சொல்லிச் சொல்லி நாகலெட்சுமி ஓய்ந்துபோயிருந்தாள்.

"குடுப்பாங்க."

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குள் செய்தி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

டாக்டரம்மா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் நல்ல கூட்டம். அழகம்மா வந்திருந்தாள். வீரம்மாவும் மகளோடு வந்திருந்தாள். ஒவ்வொரு தாயின் கையிலும் கழுவித் துடைத்த வெறும் போத்தல். தோட்டத்து டிஸ்பென்சரியில் தண்ணி மருந்து வாங்கப் போத்தல் கொண்டுபோய்ப் பழகியவர்கள் அவர்கள்.

டாக்டரம்மா போத்தல்களைப் பார்த்தார். "இவங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று நாகலெட்சுமியிடம் மெதுவாகக் கேட்டார். "உண்மையைச் சொல்லாம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

நாகலெட்சுமி எழுந்தாள். "மருந்து இல்ல. நாந்தான் பொய் சொன்னேன். எம்மகளுக்கு என்னையே தெரியல. நாளைக்கு ஒங்க புள்ளைகளுக்கும் வரலாம். ஏன் வருதுன்னு கேக்க நமக்கு ஒரு நாதியும் இல்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"நீயும் ஒரு தாயாடி?" வீரம்மா மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். அழகம்மா பின்னாலேயே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பிரதாப் மட்டும் மேசை முன் உட்கார்ந்து டாக்டரம்மாவின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்த காளியாயி, பிறகு விட்டுவிட்டாள்.

"வந்தது வந்துட்டோம். கேக்குறதக் கேளுங்க டாக்டரம்மா." நாகலெட்சுமியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீ இனிமே என் வாசப்படி மிதிக்காதக்கா."

"ரெண்டு பேரோட தொடங்குவோம்," என்றார் டாக்டரம்மா. குரலில் உற்சாகம் இல்லை.

பிரதாப்பிடம் கேட்டு முடித்துவிட்டுப் பிரேமினியைக் கூப்பிட்டார். கூட வந்திருப்பது யார் என்று கேட்டார். பிரேமினி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கை காட்டினார். நாகலெட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.