ஆவாரம்பூ வண்டுக்கு அடித்த மருந்து

இரண்டு வருஷத்துக்கு முன், ஹைதராபாத்தில் பதுக்கம்மா பண்டிகை சமயத்தில் நடந்தது இது. போலாரத்தில் ஒரு பழைய பங்களாவில் நான் தோட்டவேலை பார்க்கிறேன்.

வேலியோரம் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் அந்தப் பூக்களில் சின்ன வண்டுகள் வந்து உட்காரும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. செம்பும் பச்சையும் கலந்த பளபளப்பு; பொன்வண்டைச் சுருக்கி வைத்தது மாதிரி இருக்கும். கிட்டே போனால் காலை மடக்கிக்கொண்டு, செத்ததுபோல் கீழே விழும். ஒருநாள் அதே வண்டு மாமரக் கிளையில் இருந்த துளையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துவிட்டேன். மரத்தைக் கெடுப்பது இதுதான் என்று முடிவு கட்டினேன். பங்களா அம்மாவிடம்கூடக் கேட்காமல், மறுநாள் காலையில் பூவெல்லாம் நனையப் பூச்சிமருந்து அடித்தேன். ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஒன்றைக் கேட்பதைவிடச் செய்துவிடுவது சுலபம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் வேலி மொட்டையாக இருந்தது. ஒரு பூ இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பதுக்கம்மாவுக்குப் பெண்கள் தட்டில் பூக்களைக் கோபுரமாக அடுக்கி, சுற்றிவந்து பாடுவார்கள். அதற்கு ஆவாரம்பூ இல்லாமல் ஆகாது. வேலிப் பூவை யாரும் கேட்டுப் பறிப்பதில்லை.

பின்சந்தில் உதிர்ந்து கிடந்த இதழ்களைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். இதழ்கள் ஒரு ரயில்வே குடும்பத்தின் வாசலில் போய் நின்றன. பல காலமாக இங்கேயே இருக்கும் தமிழ்க்காரர்கள். உள்ளே நாலைந்து பெண்கள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பூ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"என்னாண்ணா, கைக்கு இப்படி மூச்சு வாங்குது? பூவைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்றாள் வீட்டுக்காரம்மா, 'ஏன்' என்பதற்கு ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்று போட்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவள் மடியில் அவளுடைய சின்ன மகள் ஒரு பூக்காம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பூவுல வண்டுக்கு மருந்து அடிச்சிருக்கேன்மா... பாப்பா வாயில..."

சிரிப்பு நின்றது. அவள் காம்பைப் பிடுங்கி எறிந்தாள். மற்றவர்கள் கை கழுவ ஓடினார்கள்.

"காலையிலயே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

ஓடிப்போய் மருந்து டப்பாவை எடுத்துவந்து, அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியாது, டாக்டர் படித்தார். பாப்பாவைச் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தார்கள். அந்த நேரம் முழுக்க அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வரும்போது பாப்பா என்னைப் பார்த்து, "அங்கிள், வண்டுக்கும் ஆஸ்பத்திரி உண்டா?" என்றாள்.

அடுத்த வாரம் அந்த மாங்கிளையை வெட்டிப் பிளந்தேன். எப்போதோ பட்டுப்போன கிளை அது. உள்ளே தலைப்பக்கம் தட்டையாக அகன்ற வெள்ளைப் புழுக்கள். ஒரு குழியில் முழு வண்டே பளபளத்துக்கொண்டு படுத்திருந்தது. காய்ந்த கட்டைக்குள் வளர்ந்து, மகரந்தம் தின்ன வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பச்சைக் கிளைகளில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு துளையும் இல்லை.

இப்போதெல்லாம் மருந்து அடிக்கவேண்டி வந்தால், சந்தில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன். சொல்லும்போது குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது, ஆனாலும் அந்தப் பாப்பாவின் வாயிலிருந்த காம்பு கண்முன் வந்து என்னைப் பேசவைத்துவிடுகிறது.