ஒரு கறுப்புக் கோலி

போன சனிக்கிழமை சாயங்காலம். அம்பத்தூரில் ஒரு பழைய கட்டடம். கோட்டும் டையும் மாட்டி, இடுப்பில் வெள்ளை ஏப்ரன் கட்டிய வயதான ஆண்கள் சிலர், ஒரு சின்ன மரப்பெட்டியை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றுகிறது. அந்த ஆண்களில் அடியேனும் ஒருவன்.

பெட்டியின் இழுப்பறையில் வெள்ளைக் கோலிகள். நடுவே ஒன்று — ஒரே ஒன்று — கறுப்பு.

வெளியே வராந்தாவில் ஷாஜகான் பாய், இதற்கென்றே தைத்த புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் மூட்டுவலியிலிருந்து மாமியார் வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் எழுதியதில்லை. நான் ஒரு ஃபிரீமேசன். பயப்பட வேண்டாம்... நாங்கள் உலகத்தை ஆளவில்லை. எங்கள் கட்டடத்து மோட்டார் ரிப்பேரானால் சரிசெய்யவே எங்களுக்கு மூன்று கூட்டம் தேவைப்படும்.

ஒரு காலத்தில் கல்தச்சர்கள் வைத்திருந்த சங்கம், பிற்பாடு எல்லாத் தொழில்காரர்களும் சேர்கிற சகோதர சபையாக மாறியது. கடவுள் நம்பிக்கை வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டோம். மேஜைமேல் கீதை, குர்ஆன், பைபிள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளே மதமும் அரசியலும் பேசக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு சில சடங்குகள் செய்வோம். அவ்வளவுதான்.

ஆனால் கதவைச் சாத்தினால் ஊர் சும்மா இருக்குமா? ‘தலைவெட்டிக் கோயில்’ என்றார்கள். மண்டையோட்டில் காபி குடிக்கிறார்கள் என்றார்கள். கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுப் பக்கத்து ஆட்டோக்காரர் இன்றைக்கும் சொல்வார்: “அந்த பேய் பங்களாவா சார்? முக்குல உட்டுர்றேன், நடந்து பூடுங்க.”

இப்படி ஒரு நல்ல பெயரோடு புது ஆள் எங்கிருந்து வருவான்? வரவில்லை. வருடக்கணக்காக ஒருவரும் வரவில்லை. இருப்பது ஒன்பது பேர். அதில் இருவர் அடுத்த மாதம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகப்போகிறார்கள். இன்னொருவருக்கு முழங்கால் ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். ஏழு பேர் இல்லாமல் கூட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. மேலிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆள் சேருங்கள், இல்லாவிட்டால் சபை நடத்த அனுமதி தந்த சாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சிட்டியில் உள்ள சபையோடு ஐக்கியமாகிவிடுங்கள்.

எங்களுக்கு அது வருத்தம். எங்கள் மாஸ்டர், அதாவது சபைத் தலைவர், தணிகாசலத்துக்கு அது உயிர் போகிற விஷயம். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு குவார்ட்டர்ஸ் நண்பர்களும் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இந்தக் கட்டடமும் நாங்களும்தான்.

அந்த மனிதர்தான் ஒரு மழைக்காலத்தில் கேட்டைத் திறந்தார். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். “கதவைச் சாத்திக்கிட்டு சகோதரத்துவம் பேசினது போதும். அடுப்பைப் பத்த வைங்க” என்றார். அந்தத் தெரு ஜனங்களுக்காக எங்கள் முற்றத்தில் சாம்பார் சாதம் கொதித்தது.

எல்லோருக்கும் இது பிடித்ததா? இல்லை. பேராசிரியர் ராஜகோபால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “சாம்பார் வாளி தூக்கவா சார் நான் மேசன் ஆனேன்?”

ஷாஜகான் பாய் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது அன்றைக்குத்தான். பூந்தமல்லியில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடுகிறவர். அண்டா கேட்டு போன் போட்டோம். டெம்போவில் கொண்டுவந்து இறக்கியவர் போகவில்லை. இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பத்மநாபன், வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வுபெற்றவர், துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“நைனா, இப்டி கிண்டுனா அடி புடிச்சிக்கும். தள்ளு, தள்ளு” என்று துடுப்பை வாங்கினார் பாய். அன்று முழுக்க அவர் கையிலிருந்து அது இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தாலும் பாய் அங்கே இருந்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ரத்ததான முகாமா? ஷாமியானா கட்ட ஆள் கூட்டி வந்தார். சக்கர நாற்காலி கொடுக்க வேண்டுமா? யாருக்கு உண்மையிலேயே தேவை என்று தெருத் தெருவாக விசாரித்துச் சொன்னார். தணிகாசலம் என் காதில் முணுமுணுத்தார்: “இவர் மட்டும் கேட்டார்னா... நாம பொழைச்சோம்.”

கேட்டார்னா! அங்கேதான் சிக்கல். எங்களிடம் ஒரு பழைய வழக்கம். யாரையும் ‘வாங்க, சேருங்க’ என்று கூப்பிடக் கூடாது. ஆசைப்படுகிறவர் தானாக வாயைத் திறந்து கேட்க வேண்டும். சில இடங்களில் இப்போது கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். தணிகாசலம் தளர்த்துகிற ஆள் இல்லை.

ஆகவே பாய் எதிரில் நாங்கள் ஜாடை பேசினோம். “சபை எவ்வளவு நல்லா இருக்கு இல்ல?” என்பார் ஒருவர். “புதுசா யாராவது வந்தா நல்லா இருக்கும்” என்பார் இன்னொருவர். பாய் தலையாட்டிவிட்டு அண்டாவைக் கழுவப் போய்விடுவார். கேட்கவே மாட்டேன் என்கிறாரே!

ஒருநாள் டீக்கடையில் அவரே ஆரம்பித்தார்.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“கேளுங்க பாய்.”

“இவ்ளோ நாளா உங்ககூட அண்டா தூக்கிகினு கீறேன். ஒரு நாளாச்சும் ‘உள்ள வா பாய்’னு கூப்டீங்களா? எங்க ஆளுங்கள சேக்க மாட்டீங்களா, இன்னா?”

“ஐயோ பாய்! நாங்க கூப்பிடக் கூடாது. நீங்கதான் கேக்கணும்!”

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். “அடப்பாவிகளா... நீங்க கூப்டுவீங்கன்னு நான் காத்துகினு கீறேன். நான் கேப்பேன்னு நீங்க காத்துகினு கீறீங்க. இன்னா சார் கம்பெனி இது?”

நியாயமான கேள்வி. நம்மூரில் எத்தனை நட்பு, எத்தனை சம்பந்தம் இப்படியே நின்றுபோயிருக்கிறது! ‘அவங்க முதல்ல பேசட்டும்’ என்று இரண்டு வீட்டிலும் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வீட்டிலும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்படியாகத்தான் பாய் கேட்டார், நாங்கள் துள்ளிக் குதித்தோம், போன சனிக்கிழமை வந்தது.

“சம்சாரம் சிரிக்குது சார். நிக்காஹ்வுக்குக்கூட நீ இப்டி டிரெஸ் பண்லியேன்னு” என்று கூச்சத்தோடு வந்து நின்றார். வாசலில் காவல் நிற்கும் சாமுவேல் கையில் சடங்குக் கத்தி. பாய் அதையே பார்த்தார். “சார், கத்தி நெஜமா?” “தேங்காய்கூட உடைக்க முடியாது பாய், உட்காருங்க.”

உள்ளே ஓட்டெடுப்பு. எங்கள் ஓட்டு ரகசியமானது. பெட்டிக்குள் கையை விட வேண்டும். சம்மதம் என்றால் வெள்ளைக் கோலி. வேண்டாம் என்றால் கறுப்பு. எது போட்டாலும் வெளியே தெரியாது. கோலி கீழே இழுப்பறையில் விழும். யார் என்ன போட்டார் என்று சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. எங்கள் சபையில் ஒரு கறுப்பு போதும். ஆள் அவுட்.

தணிகாசலம் முதலில் இழுப்பறையை முக்கித் திறந்து எல்லோருக்கும் காட்டினார். காலி. பெட்டி வரிசையாக வந்தது. ஒவ்வொருவராகப் போட்டோம். சாமுவேலும் உள்ளே வந்து போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினார். மறுபடி இழுப்பறையைத் திறக்கப்போனால், இந்தத் தடவை வரவே மாட்டேன் என்கிறது. பல வருடம் சும்மா கிடந்த பெட்டி, மழை ஈரத்தில் மரம் ஊதிவிட்டது. தணிகாசலம் கூட்டம் நடத்தும் தன் மரச் சுத்தியலால் பெட்டியின் தலையில் நாலு தட்டுத் தட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்தார். வந்தது.

கறுப்போடு வந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எதிரே மேஜையில் குர்ஆன் இருக்கிறது. அதன்மேல் கைவைத்துத்தான் அவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். நம் அடுப்பில் வெந்த மனிதர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். ‘எங்க ஆளுங்கள சேக்க மாட்டீங்களா’ என்று கேட்டாரே, அதற்கு இதுவா பதில்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

யார்? நான் ராஜகோபாலைப் பார்த்தேன். என்னைப் போலவே இன்னும் நாலு பேர் ராஜகோபாலைப் பார்த்தார்கள். அவரோ வெறித்த கண்ணோடு இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாயும் போனார், சபையும் போனது. “சரி...” என்றார் மெல்ல. “நானே போய்ச் சொல்லிடறேன். என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல.” கதவை நோக்கி நடந்தார்.

கோலிகளைத் திரும்ப எடுத்து வைக்கிற வேலை பத்மநாபனுடையது. கேஷியர் விரல் அல்லவா? எதைத் தொட்டாலும் எண்ணும். கல்யாணப் பந்தியில் இட்லியைக்கூட எண்ணித்தான் சாப்பிடுவார்.

“மாஸ்டர், நில்லுங்க” என்றார். “வெள்ளை ஒன்பது இருக்கு.”

“அதுக்கென்ன இப்ப?”

“நாமளே ஒன்பது பேர்தானே சார்?”

ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒன்பது பேர், ஒன்பது வெள்ளை. அப்படியானால் இந்தப் பத்தாவது? தணிகாசலம் பெட்டியைக் கவிழ்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கை நுழைக்கும் ஓட்டைக்குக் கீழே மரம் விரிந்து, ஒரு கோலி பதுங்கிக்கொள்கிற அளவுக்குப் பொந்து. எந்தக் காலத்திலோ அதில் மாட்டிக்கொண்ட கறுப்பு, இன்றைக்குச் சுத்தியல் அடியில் பொத்தென்று விழுந்திருக்கிறது!

பொந்தில் துணியைத் திணித்து அடைத்துவிட்டு மறுபடி ஓட்டு. மறுபடி இழுப்பறை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை... எல்லாம் வெள்ளை. அப்பாடா! முதலில் கைதட்டியது ராஜகோபால். நான் மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததைச் சொல்ல மாட்டேன். அது ரகசியம். கத்தியால் யாருக்கும் காயமில்லை என்பதை மட்டும் ஆட்டோக்காரர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். புது உறுப்பினர் அன்றைக்கு விருந்தாளி, எழுந்திருக்கக் கூடாது. பாய் கேட்பாரா? பரிமாறுகிறவர் கை தாழ்ந்தாலே பாதி எழுந்துவிடுகிறார். “இவ்ளோ நேரம் இன்னா சார் பண்ணீங்க உள்ள? கதவையே பாத்துகினு இருந்தேன்” என்றார்.

நிம்மதி வந்துவிட்டால் வாய் நிற்காது. இனி அவரும் எங்களில் ஒருவர்தானே என்று பத்மநாபன் பெட்டிக் கதையை நடித்தே காட்டினார். பாய் இலைமேல் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்:

“அது சரி அண்ணாத்தே... அந்தக் கறுப்பு யாருக்குப் போட்டது?”

உள்ளே இருந்த ஒன்பது மூளைக்கும் தோன்றாத கேள்வி.

பத்மநாபன் யோசித்தார். “பெட்டியைக் கடைசியா வெளியே எடுத்தது... புதுசா ஆள் வந்து ரொம்ப வருஷமாச்சே. கடைசியா வந்தவர் யாருன்னா—”

நிறுத்திக்கொண்டார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

ஆமாம் வாசகர்களே. கடைசியாகச் சேர்ந்தவன் நான்தான். என் ஓட்டெடுப்பில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒன்று குறைகிறதே என்று அன்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மரப்பொந்தின் தயவில் உள்ளே வந்தவன் நான்!

எல்லோரும் அவசரமாக ரசம் குடித்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தவர் ஒருவர். என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர் ஒருவர். மழையில் பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டவர் ஒருவர். அன்று சபையில் இருந்தவர்களில் பலர் இப்போதும் இருக்கிறார்கள். இவர்களில் யார்? கேட்கக் கூடாது, அது விதி. கேட்கவும் தோன்றவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

யாரோ ஒருவருக்கு அன்று என்னைப் பிடிக்கவில்லை. தான் போட்ட கறுப்பு வெளியே வரவில்லை என்று தெரிந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்தும், அது யாரென்று எனக்குத் தெரியவே இல்லை. இதைவிட நல்ல சகோதரனை நான் எங்கே போய்த் தேடுவேன்?