ஊளை நின்றுவிடுமா?

வேப்பந்தட்டை மாட்டாஸ்பத்திரிக்கு என் பூனைக்கு மருந்து வாங்கப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். வெளுத்துப்போன காக்கிச் சட்டை. எறையூர்ப் பக்கம் காவல் வேலை என்றார். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த செவலை நாயை, "இப்படி வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாகவே கூப்பிட்டார்.

பெட்டை நாய்க்காகச் சண்டை போட்டு அது காதைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. கருத்தடை செய்தால் திருந்துமா என்று டாக்டரிடம் கேட்டார்.

"ஊர் சுத்துறது, சண்டை போடுறதெல்லாம் குறையும்ங்க."

"நான் வேலைக்குக் கெளம்புனா வாசல்ல நின்னு ஊளை விடுதுங்க சார். பக்கத்து வூட்டுல சத்தம் போடுறாங்க. அது நின்னுடுமா?"

"தனியா இருக்குற பயம் அது. ஆபரேஷனால போகாதுங்க."

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அப்பப் பண்ணிடுங்க சார். அது நின்னுடுமோன்னுதான் இத்தனை நாளா வரல. நான் போறேன்னு கத்துறதுக்கு வூட்டுல வேற யாருங்க இருக்கா?"

இப்போதெல்லாம் வீட்டைப் பூட்டிய பிறகு நான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறேன். உள்ளே பூனை நன்றாகத் தூங்குகிறது.