ஹெரன்ஸ் வென்ற சனிக்கிழமை

பென்ரோஸில் ஒரு பெரிய பண்டகசாலையில் ரதிதேவிக்குப் பதினெட்டு வருட வேலை. ஆர்டர் தாள் கைக்கு வந்தால் போதும், எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கணினியைப் பார்க்காமலே நேரே போய் எடுத்துவருவாள். அப்படி ஒரு ஞாபகம்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, அங்கே போர்க்லிஃப்ட் ஓட்டும் சியோனேயின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சமோவாக்காரரான சியோனே, ஹெரன்ஸ் என்ற சின்ன பேஸ்பால் கிளப்புக்குக் கோச்சும்கூட. அரைநாள் ஷிப்ட் முடிந்து அவரை மைதானத்தில் இறக்கிவிடப் போனவள், சும்மா பார்ப்போமே என்று நின்றாள். அன்று ஹெரன்ஸ் பதினான்குக்கு ஒன்று என்று தோற்றது. தோற்ற பிறகு ஆட்டக்காரர்கள் கம்பி வேலியடிக்கு வந்து, நின்றிருந்த ஏழெட்டுப் பேருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமும் போனாள்.

விதிகளை அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுத்தான் படித்தாள். பிறகு ஒரு கொப்பி வாங்கினாள். யார் அடித்தார், பந்து எங்கே விழுந்தது என்று ஒவ்வொன்றாகப் பதிந்தாள். எதிரணிக்காரர்களுக்கும் பக்கம் ஒதுக்கினாள்.

"கிரிக்கெட் தெரியாத ஊரிலையோ நாங்கள் பிறந்தனாங்கள்?" என்று அவள் கணவர் சோதிலிங்கம் கேட்பார். "நாலு பேர் பாக்கிற விளையாட்டுக்கு நீர் அஞ்சாவது ஆள்." கேலி செய்தாலும் காரில் கூட்டிவந்து, காருக்குள்ளேயே இருந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார்.

போன வருடம் ஹெரன்ஸ் வென்றது ஒரே ஒரு ஆட்டம். இந்த வருடம் நவம்பரில், போன வருடச் சாம்பியனோடு மோதல். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் கடைசி இன்னிங்ஸில் ஹெரன்ஸ் ஐந்துக்கு நாலு என்று முன்னால் நின்றது. இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் வெற்றி. எதிரணியில் இரண்டு பேர் பேஸ்களில் ஓடத் தயாராக நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் போய்விடும். மட்டையோடு வந்தவன் அவர்களில் பெரிய அடி அடிப்பவன், இடக்கைக்காரன்.

இடக்கைக்காரர்கள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் அடிப்பார்கள் என்று, ஹெரன்ஸ் ஆட்கள் வலப்பக்கம் தள்ளி நின்றார்கள். ரதிதேவி கொப்பியைப் புரட்டினாள். பக்கத்தில் நின்ற தண்டபாணி எட்டிப் பார்த்தார். சான்ட்ரிங்ஹாமிலிருந்து வாராவாரம் பஸ் பிடித்து வரும் ஐ.டி.காரர் அவர்.

"என்னக்கா தேடுறீங்க?"

"தம்பி, இவன் எங்களோட அடிச்ச பதினொரு அடியில எட்டு இடப்பக்கம். அதுவும் தூரப் போகேல்லை, உள்ள நிக்கிறவைக்கும் வெளிய நிக்கிறவைக்கும் நடுவிலதான் விழுந்தது."

"அப்ப சொல்லிடுங்க. நிக்காதீங்க, போங்க."

வேலி ஓரமாக நடந்து சியோனே உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். பண்டகசாலையில் பேசும் அதே ஆங்கிலத்தில், கொப்பியை வேலியோடு அழுத்திப் பிடித்துக் காட்டிச் சொன்னாள். சியோனே அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். நடுவரிடம் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, இடப்பக்கம் பந்து பிடிக்கும் காவலனை மறுபடி இடப்பக்கம் விலகி, பத்து அடி முன்னால் வரச் சொல்லிக் கையசைத்தார்.

இரண்டாவது பந்து. மட்டையில் பட்டுக் கிளம்பிய பந்து இடப்பக்கம் வளைந்து இறங்கியது. காவலன் நாலே எட்டு வைத்துக் கையுறைக்குள் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குச் சரியாக நினைவில்லை. தண்டபாணி தொப்பியைக் காற்றில் வீசினார். முன்பின் பேசியிராத ஒரு வயதான மாவோரிப் பெண்மணி அவளைக் கட்டிப்பிடித்தார். சத்தம் கேட்டு சோதிலிங்கம் கார்க் கதவைத் திறந்துபோட்டபடியே ஓடிவந்தார்.

"என்ன நடந்தது?"

"சார், உங்க வீட்டம்மாதான் மேட்ச ஜெயிச்சுக் குடுத்தாங்க," என்றார் தண்டபாணி.

"பிடிச்சது அந்தப் பெடியன். நான் இடத்தைத்தான் சொன்னனான்," என்றாள் ரதிதேவி. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. சோதிலிங்கம் கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். "இதெல்லாம் நீர் எழுதினதோ?" என்று மட்டும் கேட்டார்.

அன்று யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. இந்த வருடம் கோப்பை நமக்குத்தான் என்றார் தண்டபாணி.

"ஆசைக்குக் கதைக்கக் கூடாது தம்பி," என்றாள் அவள். "இன்னும் எட்டு மேட்ச் இருக்கு. நாலு வெண்டால் அரையிறுதி. எங்களிட்ட பந்தெறியிற ஆக்கள் ரெண்டே பேர்தான், அவைக்குக் காயம் வராமல் இருக்கோணும். ஆனால் இவையள் இனி ஆருக்கும் பயப்பிட மாட்டினம்."

சியோனே வந்து, அடுத்த வாரத்திலிருந்து அணியோடு உள்ளே உட்கார அழைத்தார். கொப்பியின் நகலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தருவதாகச் சொன்னாள். உள்ளே வர மட்டும் மறுத்துவிட்டாள். உள்ளே இருந்தால் வாய்விட்டுக் கத்த முடியாது என்றாள்.

எட்டில் ஐந்தை வென்று ஹெரன்ஸ் அரையிறுதிக்குப் போனது. அங்கே ஒரே ஒரு ரன்னில் தோற்றது. கிளப்பின் சரித்திரத்தில் அவர்கள் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. திங்கட்கிழமை பண்டகசாலைக்கு ஹெரன்ஸ் தொப்பியோடு போனாள் ரதிதேவி. தோற்ற பிறகும் ஏன் அது என்று மேலாளர் கேட்டார். கோப்பையையே வென்றதுபோல, "நாங்கள் கடைசி நாலில் ஒன்று" என்றாள்.