அனலைதீவுக்கு முறை கேட்டுப் போனது

யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணி பஸ். ஊர்காவற்றுறைக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து அனலைதீவுக்குப் படகு. கூட என் மனுசி லின். நாங்கள் இருக்கிறது மலேசியாவில், மலாக்காவில். அவள் அங்கத்தைய பழைய சீனக் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய். அவளைக் கட்டின நாளிலிருந்து அனலைதீவில் இருக்கிற அக்கா என்னோடு கதைக்கிறதில்லை. போன மாதம் போன் எடுத்து, "வாறதெண்டால் ரெண்டு பேரும் வாங்கோ" என்றா. அவ்வளவுதான். லின்னை ஏற்பாவோ தெரியாது.

படகுக்காரன் லின்னைப் பார்த்தான்.

"அண்ணை, உவவை அங்க என்னெண்டு கூப்பிடுவினம்?"

"அவையின்ர ஆக்கள் நியோன்யா எண்டுவினம். வயசு போனால் பிபிக். மலாய்க்காரர் காக் எண்டுவினம், அக்கா மாதிரி. கந்தோரில புவான், மேடம் மாதிரி. வீட்டு வேலைக்கு வாற இந்தோனேசியாப் பெட்டையள் இபு எண்டுவினம், அம்மா எண்ட மாதிரி."

"ஒரு ஆளுக்கு இவ்வளவோ! இஞ்ச ஒண்டுதான். அக்கா, குனிஞ்சு ஏறுங்கோ."

லின் சிரித்தாள்.

லின் வீட்டில் பெரியவர்களை ஒவ்வொருவராக முறை சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் சின்னவர்கள் கை வைப்பார்கள். மலாக்காவில் என் சொந்தத்தில் கூப்பிட ஒருவரும் இல்லை. "உங்கள் அக்காவை எப்படிக் கூப்பிட?" என்று படகில் மலாயில் கேட்டாள். "அதை அவதான் சொல்லவேணும்" என்றேன்.

மத்தியானம். அக்கா புட்டும் மீன்குழம்பும் வைத்துவிட்டு குசினி வாசலில் நின்றா. லின் கை வைக்கவில்லை.

"எங்கட சாப்பாடு உவவுக்கு இறங்காதோ?"

"அதில்லை அக்கா. உங்களை முறை சொல்லிக் கூப்பிடாமல் சாப்பிட மாட்டா. என்ன முறை எண்டு நீங்கதான் சொல்லவேணும்."

அக்கா லின்னின் கோப்பையைப் பார்த்தா. நானும் சாப்பிடவில்லை. வெளியே ஆரோ சைக்கிளில் போனார்கள்.

"மச்சாள் எண்டு கூப்பிடச் சொல்லு. புட்டு ஆறுது."

மச்சாள் என்றால் புருசனின் சகோதரி என்று லின்னுக்கு மலாயில் சொல்லி, கூப்பிடவும் சொல்லிக்கொடுத்தேன். "மச்சாள், சாப்பிடுங்கோ" என்றாள்.

"நான் பிறகு சாப்பிடுறன்."

"மச்சாள், சாப்பிடுங்கோ."

"விடமாட்டா போல கிடக்கு" என்று அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.

அடுத்த நாள் காலை அக்கா எங்களை அனுப்பத் துறைக்கு வந்தா. லின்னின் கையில் பனங்கிழங்கு ஒடியல் பொதி ஒன்றைக் கொடுத்தா.

"திரும்ப வாரும். உவன் வராட்டிலும் நீர் வாரும்."

லின் என்னைப் பார்த்தாள். மலாயில் சொன்னேன். சந்தோசத்தில் அழுதாள்.

போனிலும் சரி, இங்கேயும் சரி, அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. படகு வெளிக்கிட்டது. அக்காவின் சீலை தெரியுமட்டும் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றனான்.