ஐந்தெழுத்து வார்த்தைகளில் நந்தினி என்னை ஜெயித்த வருஷம்

ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையிலிருந்து ஒரு வாசனை வருமே, சுண்ணாம்பும் மழையும் கலந்த மாதிரி, அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் இடது கை தானாக எதையோ மறைக்கப் போகும். கருமத்தம்பட்டியில் நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இங்கிலீஷ் மிஸ் அந்தப் பலகையைத் துடைத்து, ஐந்து சின்னக் கோடுகளைப் போட்டு, பக்கத்தில் இரண்டு எழுத்துகளை எழுதுவார். வார்த்தைக்கு ஐந்தே எழுத்து, அந்த இரண்டும் அதற்குள் இருக்க வேண்டும், பத்து நிமிஷத்தில் யார் அதிகம் எழுதுகிறார்கள் என்பதுதான் விளையாட்டு. பக்கத்து ஷெட்டுகளின் தறிச் சத்தத்தில் பெஞ்சு அதிர, வகுப்பே இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதும்.

அதில் நான்தான் ராணி, நந்தினி வந்து சேரும்வரை. அவள் அப்பா பெருந்துறையிலிருந்து வந்து அவிநாசி ரோட்டில் புதிதாக பேக்கரி போட்டிருந்தார். அவள் வந்த முதல் வெள்ளிக்கிழமை ஏ, ஈ என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து. டேபிள், பிளேட், ஆப்பிள், பிரெட் என்று கடகடவென எழுதிவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், அவள் என்னைவிட ஒன்று கூடுதலாக எழுதியிருக்கிறாள். அந்த ஒன்று என்ன தெரியுமா? 'வீவ்'. நெய்வது! எட்டுத் தறி ஓடுகிற வீடு எங்களுடையது, "பாவு", "ஊடை" என்று பேசாமல் எங்களுக்குச் சோறு இறங்காது, எனக்கு வராத அந்த வார்த்தை பேக்கரிக்காரர் மகளுக்கு வந்துவிட்டது. நானோ அவள் வீட்டு பிரெட்டை எழுதி வைத்திருக்கிறேன். வெட்கக்கேடு!

அன்றிலிருந்து அவளிடம் எனக்குப் பிடித்தது என்று ஒன்றுமே இல்லை. அவள் ரிப்பன் பிடிக்கவில்லை, சாய்த்துச் சாய்த்து எழுதும் கையெழுத்து பிடிக்கவில்லை, அவள் இருமினால்கூட வேண்டுமென்றே இருமுகிறாள் என்று தோன்றும். அண்ணனுடைய கிழிந்த அகராதியை எடுத்து ஐந்தெழுத்து வார்த்தைகளாகப் பொறுக்கி, சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் முணுமுணுத்தேன். "அம்மணிக்கு என்னமோ காத்துக் கருப்பு பட்டுருச்சு" என்று அப்பா சிரித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில், பல பள்ளிகள் கலந்துகொள்ளும் வார்த்தைப் போட்டி வந்தது. எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். ஸ்கூல் வேனில், முன் சீட்டில், மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து போவது நானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கிற வெள்ளிக்கிழமை மிஸ் எங்கள் இருவர் தாளையும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். சமம்! பிறகு நேராக என் பெஞ்சுக்கு வந்து, "நீ வாறியாம்மா?" என்று கேட்டார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வாங்கக் கூடாது. காபி என்றால் "இப்பத்தானுங்க குடிச்சோம்", பலகாரம் என்றால் "இருக்கட்டுங்க". அவர்கள் விடாமல் வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் கை நீளலாம். "கேட்ட ஒடனே கைய நீட்டுனா ஊட்டுல சோறு போடறதில்லையான்னு நெனப்பாங்க கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே அம்மா என்னை வளர்த்திருந்தாள். மனசு 'வாரேன் வாரேன்' என்று குதிக்க, என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "இருக்கட்டுங்க மிஸ், நந்தினியே போகட்டுங்க."

மிஸ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "அப்படியா, நல்ல பிள்ளை" என்று என் தலையைத் தடவிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நந்தினி எழுந்து நின்று, "சரிங்க மிஸ், நான் வாரேனுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பாவாடையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அம்மாவுக்குக் கோபம் மிஸ் மேல்தான். "ரெண்டாந்தடவை கேக்கோணுமல்ல? என்ன டீச்சரு அவங்க!" போட்டியன்று, நந்தினி வேனில் வாந்தி எடுக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் மனமுருக வேண்டிக்கொண்டேன். அவள் கப்போடு வந்தாள். பிரேயரில் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். பக்கத்து ஷெட்டுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. அதே மாதிரி ஓர் ஐந்தெழுத்து விளையாட்டை என் மகள் போனில், பச்சையும் மஞ்சளுமாய் மாறுகிற கட்டங்களில், தனியாக உட்கார்ந்து ஆடுகிறாள். மறைத்துக்கொள்ளத் தாளும் இல்லை, எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஆளும் இல்லை.

போன மாதம் பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் நந்தினியைப் பார்த்தேன். கல்லூரியில் இங்கிலீஷ் பேராசிரியை. தன் மகளை இழுத்து வந்து, "எனக்காகப் போட்டியை விட்டுக்குடுத்தாங்கன்னு சொல்லுவனே, அது இவங்கதான்" என்றாள். அந்தப் பெண் என்னைக் கும்பிட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பந்திக்குக் காத்திருக்கும்போது நந்தினியிடம் சொல்லிவிட்டேன்.

"நான் ஒண்ணும் விட்டுக்குடுக்கல. இன்னொருக்கா கேப்பாங்கன்னு இருந்தேன். உன்னைப் பாத்து வயிறு எரிஞ்சு செத்தேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும். நான் என்ன வெளியூர்க்காரியா? மிஸ் இன்னொருக்கா கேட்டுப்போட்டா நீ சரின்னுருவியேன்னுதான் சட்டுனு எந்திரிச்சேன். புடுங்கிக்கிட்டேன்னு பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா?"

இலை போட்டுவிட்டார்கள், போய் உட்கார்ந்தோம். இத்தனை வருஷமும் அந்த வேன் சீட்டுக்கு என்னைப் போல ஆசைப்பட்டவர் யாருமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதிலும் அவள்தான் முதல்.