பெயர் வெட்டிய தூக்குவாளி

தூக்குவாளியைத் தராசுத் தட்டில் வைக்கும்போது, பெயர் வெட்டியிருந்த பக்கத்தைக் கனகமணி அக்கா தன் சேலையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பாலச்சந்திரன் அதைக் கவனிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றிருந்த ஜூடித் கவனித்தாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

வாளியில் ‘ஜெயசுந்தரி 12-5-66’ என்று வெட்டியிருந்தது. அடுத்த வீட்டு ஜெயசுந்தரியின் கல்யாணப் பாத்திரம். முந்தின நாள் ஜெயசுந்தரி வீட்டிலும் இதே வாளியில் இருந்த அரிசியைத்தான் கனகமணி அக்கா எடை பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“எழுதிக்கிடுங்க தம்பி. அரிசி எழுநூத்தம்பது கிராம்” என்றார், ஒன்றும் நடக்காத குரலில்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், வரிசையாக இருபது ஒற்றை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ‘இருபது வீட்டு லைன்’ என்று பேர். ஜூடித்தும் அவள் புருஷன் சிலாஸும் அதில் ஏழாம் நம்பர். பிள்ளை இல்லை. சிலாஸ் உப்பலில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது எழுபத்தேழு கடைசியில் கதவடைத்துவிட்டது. கதவடைத்து மூன்றாம் மாதம் அவருக்கு இருமல் வந்தது. டிஸ்பென்சரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் காசம் என்றார்கள். “மருந்து நாங்க தர்றோம். ஆனா வெறும் வயித்துல மருந்து வேலை செய்யாது. நல்லா சாப்பிடணும்” என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் சர்க்கார் ஆபீஸிலிருந்து சாப்பாட்டுக் கணக்கு எடுக்க வந்தார்கள். தேசம் முழுவதும் பெரியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் எடுக்கிற கணக்கு. சீட்டுக் குலுக்கி, இந்த லைனில் எட்டு வீடுகளைப் பொறுக்கினார்கள். சமைக்கப் போகிற பண்டத்தை உலையில் போடுமுன் எடை பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, நேற்று விடிந்ததிலிருந்து வாயில் போட்டது என்ன என்று கேட்பார்கள். எந்தத் தெருவில் சாப்பாடு போதவில்லை என்று கணக்கு வருகிறதோ, அந்தத் தெருவுக்குக் கோதுமை ரவையும் எண்ணெயும் பால்பவுடரும் கொடுப்பதாக ஏற்பாடு. அதை மட்டும் வீடுகளில் சொல்லக்கூடாது என்று உத்தரவு. சொன்னால் ஜனங்கள் குறைத்துச் சொல்லிவிடுவார்களாம்.

இந்த ஜனங்கள் கூட்டிச் சொல்லுவார்கள் என்று ஆபீஸில் யாரும் நினைக்கவில்லை.

நாளைக்கு எந்த வீடு என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். ஏழாம் நம்பருக்கு நாள் சொன்ன அன்று சாயங்காலம் சிலாஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“ஜூடித், நாளைக்குத் தராசைத் தூக்கிட்டு வருவாங்க. பானையில என்ன இருக்குது?”

“ரெண்டு பிடி நொய் இருக்குது.”

“நக்கோ, வேணாம்! நொய்யை எடை போட்டு சர்க்கார் புஸ்தகத்துல என் பேருக்கு நேரா எழுதணுமா? ஜெயசுந்தரிகிட்ட கேளு. அவ வீட்டுக்காரன் ஒர்க்‌ஷாப்புல சம்பளம் வாங்குறவன்.”

“கைக்குங்க, எதுக்கு இந்த வேஷம்? இருக்கிறத எழுதிட்டுப் போகட்டும்.”

“நம்ம வீட்டு அரிசிக்கு ஜாதகம் எழுத வர்றாங்க. அரிசி நல்லா இருந்தாத்தானே ஜாதகம் நல்லா இருக்கும்?” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்கக் கால்மணி நேரம் ஆனது. அதற்குமேல் ஜூடித் வாதாடவில்லை.

ஜெயசுந்தரி வாளியோடு கொடுத்தாள். எடை பார்த்ததும் வாளியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. ஐந்தாம் நம்பருக்கும் பதினோராம் நம்பருக்கும் அவள் அதே வாளியைக் கொடுக்கப் போகிறாள் என்று ஜூடித்துக்கு அப்போது தெரியாது.

எடை முடிந்ததும் கனகமணி அக்கா பெட்டியிலிருந்து பன்னிரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்துப் பெரியதிலிருந்து சிறியதுவரை தரையில் வரிசையாக வைத்தார்.

“நேத்து மத்தியானம் சோறு எந்தக் கிண்ணம் அண்ணே?”

சிலாஸ் எல்லாவற்றிலும் பெரிய கிண்ணத்தைக் காட்டினார்.

“ரெண்டு தடவ” என்றும் சேர்த்துக்கொண்டார். “கூட மீன் குழம்பு.”

“இந்த வெயில்ல மீன் கிடைக்குதா சார் இங்க?” என்றார் பாலச்சந்திரன் எழுதிக்கொண்டே.

“தேடுறவனுக்குக் கிடைக்கும்.”

அடுத்தது ஜூடித். அவள் நாலாவது கிண்ணத்தைக் காட்டினாள். உண்மையைக் காட்டுவதென்றால் வரிசையின் கடைசியில் விரலை வைத்திருக்க வேண்டும். கனகமணி அக்கா அவள் முழங்கையைப் பார்த்தார், கழுத்தெலும்பைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தார். கடன் வாங்கின அரிசி என்று தெரிந்தால் அந்த வீட்டை நிறுத்திவைத்து வேறொரு நாள் சொல்லாமல் வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் பாலச்சந்திரன் குரல் பெரியது. “யாரு வாளிம்மா இது?” என்று அவர் வாசலில் நின்று கேட்டால் லைன் முழுக்கக் கேட்கும். ஒரு நோயாளியின் மானம் போக வேண்டாம் என்று அக்கா நினைத்தார். அன்று இரவு ஜூடித் ஜெபத்தில் அந்தக் கைக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

கனகமணி அக்கா நாகர்கோவில் பக்கத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாரெட்பள்ளியில் ஒரு அறை எடுத்து இருந்தார். வருஷத்தில் எட்டு மாதம் தராசும் பெட்டியுமாக ஜீப்பிலும் மாட்டுவண்டியிலும் போய்க்கொண்டிருப்பார். கணக்கெடுக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் குடித்தால் அதுவும் அந்த வீட்டுக்காரர் குடித்ததாகக் கணக்கில் ஏறிவிடுமாம். பசித்தால் பஸ் ஸ்டாப்பில் நின்று கைப்பையிலிருந்து பொட்டுக்கடலை எடுத்து மெல்லுவார். அப்படிக் கண்டிப்பானவர் லாலாகுடாவில் நாலு வீட்டில் ஒரே வாளியைத் தராசில் வைத்தார். ஜெயசுந்தரி வீடு நிஜம். மற்ற மூன்று வீட்டிலும் பெயரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ரவை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜூடித் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். தங்கள் லைனுக்குப் பின்னாலிருந்த வேறு லைன்காரர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஜூடித்தின் முறை வந்ததும், லிஸ்டு வைத்திருந்தவர் மேலும் கீழும் விரலை ஓட்டினார்.

“இருபது வீட்டு லைனா? உங்க லைன் இல்லையேம்மா.”

“நல்லா பாருங்க அண்ணா. எங்க வீட்டுல எடைகூட பார்த்தாங்க.”

“அதனாலதான் இல்ல. உங்க லைன்ல எல்லாரும் வயிறு நிறைய சாப்பிடுறீங்களாம். எழுதியிருக்கு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜூடித் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சிலாஸிடம் ரவை தீர்ந்துபோயிற்று என்று சொன்னாள்.

அந்த வாரமே கனகமணி அக்கா தனியாக வந்தார். வாசலில் நின்றபடியே, “லிஸ்டைப் பாத்தேன் பிள்ளே” என்றார். “நான் செஞ்ச வேலை. வாளியில பேரைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுதச் சொன்னேன்.”

ஜூடித்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டாள்.

“ரவை குடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா? அன்னைக்கு நீங்க கத்தியிருக்கலாமே! என் மூஞ்சியில அந்த அரிசியை விட்டெறிஞ்சிருக்கலாமே! லைன் பூரா சிரிச்சாக்கூட ஒரு நாள் சிரிக்கும். இப்ப இவருக்கு நான் எதைப் போடுவேன்?”

உள்ளே கட்டிலில் சிலாஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கேட்டுவிட்டார் என்று ஜூடித்துக்குத் தெரிந்தது.

மறுநாள் கனகமணி அக்கா ஆபீசர் வெங்கடராமன் முன்னால் போய் நின்றார். இதெல்லாம் பின்னால் பாலச்சந்திரன் சொல்லித்தான் ஜூடித்துக்குத் தெரியும். மூன்று வீட்டுக் கணக்குப் பொய், தான் தெரிந்தே செய்தது, மறுபடி எடை பார்க்க வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்தாராம். ஆபீசர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்குத் தலை வலித்தது.

“கனகமணி, கணக்கு மேலே போயாச்சு. தேசம் முழுக்க எத்தனை ஆயிரம் வீடு! அதுல மூணு வீட்டுத் தப்பு இருக்கிற இடமே தெரியாது, கரைஞ்சுடும்.”

“தப்பு கரையட்டும் சார். அங்க ஒரு ஆளு கரையுதாருல்லா.”

கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா வாங்கவில்லை. அதனால் இரண்டு வருஷம் அவரை வெளியே அனுப்பாமல் பழைய படிவங்களை அடுக்கிக் கட்டுகிற வேலையில் உட்காரவைத்தார்கள். இருபது வீட்டு லைனுக்கு மறுபடி தராசு வரவே இல்லை.

சிலாஸ் ஆகஸ்டில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் இறந்துபோனார். கடைசி ஒரு மாதம் ஜூடித் கொண்டுபோன கஞ்சியில் பாதியை, “நீ குடி” என்று திருப்பித் தந்துகொண்டிருந்தார். அவள் குடிக்காமல் மறுவேளைக்கு எடுத்துவைத்து, அதையே அவருக்குக் கொடுத்தாள். அப்படி அந்தப் பாதிக் கஞ்சி இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. அடக்கத்துக்கு வந்த கனகமணி அக்கா கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டார். ஜூடித் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

அதற்குப்பின் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏழாம் நம்பர் வாசலில் ஒரு பொட்டலம் இருக்கும். இரண்டு சேர் கோதுமை ரவை. முதல் ஐந்து மாதம் ஜூடித் அதைக் கையால் தொடவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் மாதம் காய்ச்சலில் கிடந்தாள், வீட்டில் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். எடுத்தபோது தெரு முனையில் ஒரு சேலை திரும்பிப் போவதைப் பார்த்தாள். கூப்பிட வாய் வரவில்லை. அடுத்த மாதம்தான் கூப்பிட்டாள். “உள்ள வாங்க அக்கா” என்றாள், அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவும் இல்லை, அக்கா கேட்கவும் இல்லை.

ஜூடித்துக்கு மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. கனகமணி அக்காவை மறுபடி வெளியூர் அனுப்பினார்கள். இப்போது அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, “இது யாரு பாத்திரம்?” என்பதாக இருந்ததாம். கேட்பதை அடுப்பங்கரையில் குனிந்து, அந்த வீட்டுப் பெண்ணின் காதில் மட்டும் கேட்பார். கடன் அரிசி என்றால் வேறொரு நாள் சொல்லாமல் போவார். கூட வேலை செய்தவர்கள் அவரை ‘பாத்திரக்கடை அக்கா’ என்று கேலி செய்தார்கள். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய ஊர் அவருக்கு நாலு மாதம் ஆகும். அதற்காகவும் திட்டு வாங்கினார்.

எண்பத்தொன்பதில் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சோற்றை எடை பார்த்த மனுஷிக்குக் கடைசியில் நாலு ஸ்பூன் கஞ்சிதான் இறங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் ஜூடித் தினம் கஞ்சி கொண்டுபோவாள். அது மாதக்கடைசி. ஜூடித் வீட்டில் இருந்த அரிசி அந்த ஒரு கஞ்சிக்குத்தான் கண்டது.

அன்றைக்கு மூன்றாவது ஸ்பூனிலேயே அக்கா கையைக் காட்டிப் போதும் என்றுவிட்டார். ஜூடித் வாயைத் துடைத்துவிட்டாள். தலைமாட்டில் முழங்கால்போட்டு ஜெபம் பண்ணினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த விரல்கள் மெதுவாக முழங்கைவரை தடவிக்கொண்டு போயின.

“நேத்து விடிஞ்சதிலேருந்து நீ என்னட்டி சாப்பிட்ட?”

“நல்லாத்தான் சாப்பிட்டேன் அக்கா. சோறு, பருப்பு. ராத்திரி ரெண்டு ரொட்டி.”

கனகமணி அக்கா கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தார். பாத்திரத்தில் மிச்சமிருந்த கஞ்சியை அவள் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

“பொய் சொல்லாத பிள்ளே. இந்தத் தடவ நான் உள்ளதை எழுதிருவேன்.”